மாத்திரைக்குச் சாட்சி

அண்ணே, ஒரு நிமிஷம் இங்கிட்டுத் திரும்புங்க. இந்தா பாருங்க, உள்ளங்கையில நாலு மாத்திரை. வெள்ளை ரெண்டு, ரோஸு ஒண்ணு, மஞ்சளா இந்தச் சின்னது ஒண்ணு. பாத்துக்கிட்டீங்களா? இப்ப வாயில போடுறேன். தண்ணி. ம்ம். போயிருச்சு. நாக்கைத் தூக்கிக் காட்டுறேன், கன்னத்துல ஒதுக்கி வச்சிருக்கேனான்னும் பாத்துக்கங்க. ஒண்ணுமில்லல்ல? அம்புட்டுத்தான். நாளப்பின்ன யாராச்சும் கேட்டா, தவமணி என் கண்ணு முன்னாடி மாத்திரை போட்டான்னு சொல்லணும். சொல்லுவீங்கள்ல?

பயந்துராதீங்க. மூளையில கோளாறு ஒண்ணும் இல்ல. இருக்கிற கோளாறெல்லாம் இருதயத்துலயும் கிட்னிக்குப் போற குழாய்லயும்தான். அதுக்குத்தான் மதுரைக்குப் போறேன். இன்னைக்குச் சேத்துக்கிருவாங்க, நாளைக்குக் காலையில தொடை வழியா ஒயர் விட்டு கிட்னிக் குழாய்ல ஸ்டென்ட் வைக்கிறாங்க.

என்ன, மூக்கைச் சுளிக்கிறீங்க? பீடி நாத்தமா? என்கிட்டயா? பஸ் ஸ்டாண்டுல பக்கத்துல ஒருத்தன் ஊதிக்கிட்டு நின்னான். சட்டையில ஏறிருச்சு போல. டாக்டர் விடச் சொன்ன அன்னைக்கே நான் விட்டாச்சு.

எதுக்கு ஒருத்தன் பஸ்ஸுல சாட்சி வச்சு மாத்திரை போடுறான்னு நினைக்கிறீங்க. சொல்றேன். ஆண்டிபட்டி தாண்டிட்டோம், ஆரப்பாளையம் போறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். அதுக்கு முன்னாடி, அந்தா பாருங்க, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு. அரக்குச் சேலை, மடியில ஒயர் கூடை. அதுதான் சிவனம்மா. என் வீட்டுக்காரி. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துதான் கிளம்புனோம், ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். ஆனா டிக்கெட்டு அவளுக்குத் தனி, எனக்குத் தனி. ஆவணியில இருந்து அவகூட எனக்குப் பேச்சு இல்ல. நீ வர வேணாம்னு மககிட்ட சொல்லி விட்டேன். கேக்கல. எனக்கு முன்னாடியே வந்து பஸ்ஸுல உக்காந்திருக்கா.

எனக்குத் தொழில் மைக்செட்டு. தவமணி சவுண்ட் சர்வீஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? சரி, நீங்க தேனிக்காரர் இல்ல போல. காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை, எழவு வீடு, எல்லாத்துக்கும் நாந்தான். போன வருஷம் ஒரு சடங்கு வீட்டுல வேப்ப மரத்துல ஏறி குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு இருந்தேன், நெஞ்சைப் பிடிச்சுருச்சு. மரத்துலயே அப்படியே கிளையைக் கட்டிக்கிட்டேன். கீழ நின்னவய்ங்க நான் ஸ்பீக்கரைக் கட்டுறேன்னு நினைச்சு வேடிக்கை பாத்தாய்ங்க. அப்புறம் மதுரைக்குக் கொண்டுபோயி, ஆஞ்சியோ பண்ணி, இருதயத்துல ஒரு ஸ்டென்ட் வச்சு அனுப்புனாங்க. அது நல்லாத்தான் இருக்கு. அதுல எனக்கு வருத்தம் இல்ல.

வருத்தம் அதுக்கப்புறம்தான். பிரஷர் எறங்கவே இல்லண்ணே. மூணு மாத்திரை குடுத்தாங்க, எறங்கல. மாசாமாசம் போவேன். டாக்டர் மெர்லின்னு ஒரு அம்மா, நல்ல அம்மா, பொறுமையாப் பேசுவாங்க. கையில பட்டையைச் சுத்திப் பாத்துட்டு ஒரே கேள்விதான் கேப்பாங்க. "ஐயா, மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?" நான் சொல்லுவேன், "ஒரு வேளை கூட விடலம்மா." சத்தியமான வார்த்தை. ஒரு வேளை கூட விடல.

அந்த ரூமுல டாக்டருக்குப் பின்னால ஒரு கண்ணாடி அலமாரி இருக்கு. ஒரு தடவை எதேச்சையா அதைப் பாக்குறேன். நான் "விடலம்மா"ன்னு சொல்றேன், எனக்குப் பின்னால நின்னுக்கிட்டு இவ தலையை ஆட்டுறா. இப்படி. இல்ல, இல்லன்னு. வாயைத் திறக்கல. தலை மட்டும். டாக்டர் என்னைப் பாக்குற மாதிரியே இருந்துக்கிட்டு அவளைப் பாத்துட்டாங்க. பாத்துட்டு, "ஐயா, மாத்திரை போடலேன்னா பிரஷர் எப்படி எறங்கும்?"னு சின்னப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணாச் சோறு தின்னவ. என் பேச்சு பொய்யின்னு, எங்க ஊரே தெரியாத ஒரு டாக்டர்கிட்ட, என் முதுகுக்குப் பின்னால நின்னு தலையை ஆட்டுறா.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏத்தா, எதுக்கு அப்படித் தலையை ஆட்டுன?" "ஸ்பீக்கர் பெட்டி ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா.

அது பழைய கதைண்ணே. நெஞ்சுவலிக்கெல்லாம் முன்னாடி. அப்ப எங்க ஊரு டாக்டர் பிரஷருக்குன்னு மாத்திரை எழுதுனாரு. போட்டா தலை கிர்ருங்கும், தொழில் பாக்க முடியாது. அதனால அவ குடுக்கிற மாத்திரையை வாங்கி, பேஸ் பெட்டியில ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க காத்துப் போறதுக்கு, அதுக்குள்ள போட்டுருவேன். ஒரு கல்யாண வீட்டுல பாட்டுப் போட்டா பெட்டிக்குள்ள கடகடன்னு ஒரே சத்தம். பாட்டு ஒரு தாளம், பெட்டி ஒரு தாளம். கழட்டிப் பாத்தா ஒரு மரக்கால் மாத்திரை. சரி, மரக்கால் இல்ல, ரெண்டு கை இருக்கும். இவளும் அன்னைக்குன்னு பாத்து அங்க விருந்துக்கு வந்திருந்தா. அதைச் சொல்லிக் காட்டுறா. அது அப்ப. இது இப்ப. மரத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் மறுபடி பெட்டியில போடுவானா? மனுசன் திருந்த மாட்டானா?

பீடி விஷயத்துலயும் இப்படித்தான் சந்தேகப்படுவா. அதை விடுங்க.

அதுக்கப்புறம் மாசாமாசம் அதே கூத்துதான். நான் சொல்றது, அவ ஆட்டுறது, டாக்டர் நம்புறது. கடைசியில புதுசா ஒரு மாத்திரை சேத்தாங்க. இருதயத்துக்கும் நல்லது, பிரஷருக்கும் நல்லதுன்னாங்க. பதினஞ்சு நாள்ல ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துருங்கன்னும் சொன்னாங்க. ஆவணி மாசம், முகூர்த்தம் வரிசையா நிக்குது, நான் எங்கிட்டுப் போயி ரத்தம் குடுக்கிறது? சீசன் முடியட்டும்னு இருந்தேன். அது ஒரு பெரிய விஷயம் இல்ல.

மாத்திரையைப் போட்டேன். தினமும். நானே எடுத்து, நானே போட்டேன். ஆனா உடம்பு சொன்ன பேச்சு கேக்கல. கால் வீங்குது. மூத்திரம் சரியாப் போகல. சாப்பிட்டா குமட்டுது. பாலக்கோம்பையில ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீர் வருது, நான் மைக்கைப் பிடிச்சு "சீர்வரிசையோடு வருகை தந்திருக்கும்"னு ஆரம்பிக்கிறேன், அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்ல. ஆம்ப்ளிஃபயர் மேலயே விழுந்துட்டேன். கொய்ங்ங்னு மைக்கு கத்துது. நான் விழுந்ததைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் ஓடி வந்தாய்ங்க.

நுரையீரல்ல தண்ணி கோத்துருச்சுன்னு சொன்னாங்க. மதுரையில கொண்டுபோயிப் போட்டு, மூக்குல காத்து வச்சு, ரத்தம் எடுத்தா, கிரியாட்டினின் எகிறிக் கெடக்கு. கிட்னி கழிவைக் கழிக்கலேன்னா ரத்தத்துல ஏறுமே, அது. டாக்டரம்மா முகம் மாறிப்போச்சு. "ஐயா, வேற ஏதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களா? வலி மாத்திரை, நாட்டு மருந்து?" இல்லம்மான்னேன். அவங்க என்னைப் பாக்கல. நேரா இவளைப் பாத்தாங்க. பழகிருச்சுல்ல.

இவ என்ன செஞ்சான்னு நினைக்கிறீங்க? தலையை ஆட்டல. கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுகுறா. எம் மக இந்துமதி நிக்கிது, மாப்பிள்ளை நிக்கிறாரு, நர்சுப் புள்ளைக ரெண்டு நிக்கிது. அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்றா. "நாந்தான் டாக்டரம்மா பாவி. இவரு மாத்திரை போட மாட்டாருன்னு, அந்தப் புது மாத்திரையில இன்னொரு அட்டை வாங்கி, தினமும் ஒண்ணை நுணுக்கி மோருல கரைச்சுக் குடுத்தேன்."

மோருல, அண்ணே.

எங்க ஊரு மெடிக்கல்ல சீட்டைக் காட்டுனா இன்னொரு அட்டை குடுத்துருவாய்ங்க, கேள்வி கேக்க மாட்டாய்ங்க. உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னதுல இருந்து ஊறுகாய் போச்சு, கருவாடு போச்சு, அப்பளம் போச்சு. எனக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஒரு டம்ளர் மோர்தான். மத்தியானம் வேலை முடிஞ்சு வந்து உக்காந்தா, சொல்லாமலே கொண்டுவந்து வைப்பா. இஞ்சி தட்டிப் போட்டு, கருவேப்பிலை கிள்ளிப் போட்டு. லேசாக் கசந்துச்சு. உப்பு இல்லாததால கசக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். "நல்லாருக்கு சிவனம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் குடிச்சேன். அவளும் பாத்துக்கிட்டே நிப்பா. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறேனான்னு பாத்துருக்கா. நான் அதைப் பாசம்னு நினைச்சேன்.

எனக்கு அப்ப எந்திரிக்கத் தெம்பு இல்ல. இருந்திருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன்.

இப்ப கதை கேளுங்க. டாக்டரம்மா இந்துமதியைப் பாத்து, வீட்டுல இருக்கிற மாத்திரை அட்டையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. பக்கத்து வீட்டுல சொல்லி எடுத்து அனுப்புனாங்க. நான் போட்டது போட்டபடி காலியா இருக்கு. ஒண்ணு விடாம. டாக்டரம்மா என் பக்கத்துல வந்து, "அப்ப நீங்க உண்மையாவே எல்லாத்தையும் போட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா ஐயா?"ன்னாங்க.

அப்ப அழுதேன். பொய் சொல்லல, அப்பத்தான் அழுதேன். மரத்துல நெஞ்சைப் பிடிச்சப்ப கூட அழுகல.

அவங்க சொன்னாங்க, இவ்வளவு மாத்திரைக்கும் பிரஷர் எறங்கல, இந்த ஒரு மாத்திரை கூடுனதும் கிட்னி தடுமாறுது, நுரையீரல்ல தண்ணி கோக்குது, அப்படின்னா கிட்னிக்குப் போற குழாயைப் பாக்கணும். இருதயத்துல அடைப்பு இருக்கிறவங்களுக்கு அங்கேயும் அடைப்பு இருக்கலாமாம். கிட்னிக்கு ரத்தம் பத்தலேன்னா அது பிரஷரைக் கூட்டு கூட்டுன்னு கேட்டுக்கிட்டே இருக்குமாம். எனக்கு டக்குன்னு புரிஞ்சுபோச்சு. பந்தல்ல கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவனுக்குப் பாட்டு கேக்கலேன்னா கையைத் தூக்கித் தூக்கி ஆட்டுவான், நாம சவுண்டைக் கூட்டிக்கிட்டே போவோம், முன்னாடி இருக்கிறவன் காது கிழியும். அதேதான்.

ஸ்டெதாஸ்கோப்பை வயித்துல வச்சாங்க. நெஞ்சுல இல்ல, தொப்புளுக்கு ஓரமா. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாங்க. "சத்தம் வருது"ன்னாங்க. சத்தம்னு சொன்னா எனக்குச் சும்மா இருக்க முடியுமா? நானும் கேக்கணும்மான்னேன். சிரிச்சுக்கிட்டே என் காதுல மாட்டி விட்டாங்க. உஸ்... உஸ்... உஸ்ஸுன்னு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு காத்து. மைக்கு வேலை செய்யுதான்னு பாக்க வாயை வச்சு ஊதுவாய்ங்கள்ல, அதே சத்தம். ஊதுறவன்கிட்ட இருந்து நான் மைக்கைப் பிடுங்கிட்டுத் திட்டுவேன். என் வயித்துக்குள்ளயே ஒருத்தன் உக்காந்து ஊதிக்கிட்டு இருந்திருக்கான், எனக்குத் தெரியல பாருங்க.

மறுநாள் வெறும் வயித்துல இருக்கச் சொல்லி, ஜெல்லியைத் தடவி, டாப்ளர்னு ஒரு ஸ்கேன் எடுத்தாங்க. ரெண்டு பக்கமும் சுருக்கம். "இதை முன்னாடியே பாத்திருக்கலாமேம்மா"ன்னேன். "இருதயத்துக்கு வர்ற எல்லாருக்கும் பாக்கிறது இல்லை ஐயா. மாத்திரையை ஒழுங்காப் போட்டும் பிரஷர் எறங்கலேன்னாத்தான் சந்தேகப்படுவோம். நீங்க போடலேன்னு நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க"ன்னாங்க.

டாக்டர் மன்னிப்புக் கேட்டாங்கண்ணே. கோட்டுப் போட்ட டாக்டர். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம், "அப்ப இவ தலையை ஆட்டாம இருந்திருந்தா இத்தனை மாசம் வீணாப் போயிருக்காதுல்ல?"ன்னு கேட்டேன். இவளுக்குக் கேக்கணும்னுதான் சத்தமாக் கேட்டேன். டாக்டரம்மா என்னையும் பாத்து அவளையும் பாத்துட்டு, "அதுவும் உண்மைதான். ஆனா அவங்க அந்த மோரைக் குடுக்கலேன்னா இன்னும் எத்தனை மாசம் தெரியாமலே இருந்திருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல"ன்னாங்க.

பொம்பளைக்குப் பொம்பளை விட்டுக் குடுப்பாங்களா?

இப்ப அந்த மாத்திரையை நிறுத்தியாச்சு. கிரியாட்டினின் எறங்கிருச்சு. எல்லாருக்கும் கிட்னிக் குழாய்ல ஸ்டென்ட் வைக்கிறதில்லையாம், பல பேருக்கு மாத்திரையே போதுமாம். எனக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, நுரையீரல்ல வேற தண்ணி கோத்துச்சு, அதனால வச்சுப் பாத்துருவோம்னு சொல்லியிருக்காங்க. கையெழுத்துப் போட வீட்டு ஆளு வேணுமாம். இந்துமதி மாசமா இருக்கு, அலைய முடியாது. அதைச் சாக்கா வச்சுக்கிட்டு இவ கிளம்பி வந்துட்டா.

அவ கையால வாங்கித் திங்கிறதை அன்னைக்கோட விட்டேன். அம்மன் மெஸ்ஸுலதான் சாப்பாடு. உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் போடுறான், என்ன செய்யிறது, அங்க ஒருத்தனும் எனக்கு மாத்திரையைக் கரைச்சு ஊத்த மாட்டான். இவ விடுறாளா? தினம் மத்தியானம் மோரைக் கொண்டுவந்து என் முன்னாடி வச்சு, பாதியை அவ குடிச்சுக் காட்டுறா. அவளுக்கு வீசிங்கு இருக்கு, மோரே ஆகாது. குடிச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் இருமுறா. நடிப்பு. மிச்சத்தை நான் தொடுறதில்ல. இப்பக்கூட இருமுறா, கேக்குதா? நல்லா நடிக்கட்டும்.

இருங்க, என்னமோ கையில இருந்து கைக்கு வருது. டிக்கெட்டுக் காசா? இல்ல, தண்ணி பாட்டிலு. அவ பாட்டிலுதான், மூடியில நூல் கட்டியிருக்கா பாருங்க. என்னம்மா? யாரு கேக்குறது? முன்னாடி சீட்டு அக்காவா? என்னவாம்? மாத்திரை போட்டாச்சான்னா?

கேட்டீங்களாண்ணே. உசிலம்பட்டிக் கூட்டம் மொத்தமும் ஏறியிருக்கு, அத்தனை பேரு வாயிலயும் என் மாத்திரை. நான் பதில் சொல்ல மாட்டேன். நான் சொல்லி என்ன ஆகப்போகுது? நீங்க சொல்லுங்க. அந்தா, எட்டிப் பாக்குறா பாருங்க. எந்திரிச்சு நின்னே பாக்குறா. என்னைப் பாக்கல, உங்களைத்தான் பாக்குறா. சொல்லுங்க. போட்டாருன்னு சொல்லுங்க.

அவ்வளவுதான். நீங்க தலையை ஆட்டுனது போதும், அவ உக்காந்துட்டா.

பாத்தீங்களா? சாஞ்சு உக்காந்து கண்ணை மூடிட்டா. நிம்மதி வந்துருச்சு. உங்க பேரு அவளுக்குத் தெரியுமா? ஊரு தெரியுமா? நல்லவரா கெட்டவரான்னு தெரியுமா? ஒரு தலையாட்டுதான். நம்பிட்டா. நான் நாக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கேன் அண்ணே, வீட்டுல. சாமி படத்து முன்னாடி நின்னு காட்டியிருக்கேன். உங்களை நம்பிட்டா.

நீங்க எங்க எறங்குறீங்க? அவசர வேலையா? ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன். கையெழுத்தெல்லாம் வேணாம், அதை அவளே போட்டுக்கிரட்டும். டாக்டரம்மா என்கிட்ட மாத்திரை போட்டீங்களான்னு கேப்பாங்க. நான் போட்டேம்மான்னு சொல்லுவேன். அவ எனக்குப் பின்னால நிப்பா. நீங்க அவளுக்குப் பின்னால நில்லுங்க.